மைத்துளியும் கம்பெனிப் பெயரும்

வீட்டுப் பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது. நாளைக் காலையில் செய்முறை ரிக்கார்டுக்கான படங்களை ஒப்படைத்தாக வேண்டும். கடைக்குப் போனால் மூன்று வழிகள் இருக்கின்றன. பிரிண்டரைச் செய்த நிறுவனத்தின் பெயர் பொறித்த புதிய கார்ட்ரிட்ஜ் ஒன்று. அதே வடிவில் வேறொரு நிறுவனம் செய்த கார்ட்ரிட்ஜ் மற்றொன்று. விலை கணிசமாகக் குறைவு. மூன்றாவதாக, "பழசைக் கொண்டா தம்பி, ஊசியால மை ஏத்தித் தரேன்" என்கிறார் கடைக்காரர். அது எல்லாவற்றிலும் மலிவு. "கம்பெனி மைதான் போடணும், இல்லேன்னா மெஷினே போயிடும்" என்பது அப்பாவின் கட்சி. "எல்லாம் ஒரே மைதான், பேருக்குத்தான் காசு" என்பது பக்கத்து வீட்டு அண்ணனின் கட்சி.

மாணவ நண்பர்களே, இருவரில் யார் பக்கம் நியாயம் என்று முடிவு செய்ய விளம்பரங்களைப் புரட்ட வேண்டியதில்லை. உங்கள் இயற்பியல் பாடப்புத்தகத்தில் பரப்பு இழுவிசை, பாகுநிலை, ஸ்டோக்ஸ் விதி என்று மூன்று பாடங்கள் இருக்கின்றன அல்லவா? விடையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. மீதிப் பகுதி இயற்பியலே அல்ல, வணிகம். இரண்டையும் கலந்து பேசுவதால்தான் வீட்டில் சண்டை வருகிறது. முதலில் இயற்பியலைப் பார்ப்போம்.

ஒரு துளியின் பயணம்

கார்ட்ரிட்ஜின் அடியிலோ, பிரிண்டரில் நிலையாகப் பொருத்திய அச்சுத்தலையிலோ நூற்றுக்கணக்கான நுண்துளைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் விட்டமும் ஏறத்தாழ 20 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. அதிலிருந்து பாயும் மைத்துளியின் கன அளவைப் பிகோலிட்டரில் சொல்வார்கள். ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு பிகோலிட்டர். 5 பிகோலிட்டர் துளி ஒன்றைக் கோளமாகக் கொண்டு விட்டத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். சுமார் 21 மைக்ரான் வரும். தலைமயிரின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு! ஒரே ஒரு மில்லிலிட்டர் மையில் இத்தகைய துளிகள் 20 கோடி இருக்கின்றன.

இத்துளியை வெளியே தள்ளுவது எப்படி? இரண்டு முறைகள் வழக்கில் உள்ளன.

முதல் முறைக்கு ஒரு கதை உண்டு. 1977ஆம் ஆண்டு ஜப்பானில் கேனன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், மை நிரம்பிய ஊசிக்குழலின் ஊசிமீது, ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல் தற்செயலாகப் பட்டது. ஊசி முனையிலிருந்து மை தெறித்தது. இச்சிரோ எண்டோ என்ற ஆராய்ச்சியாளர் அதைக் கவனித்தார். சூடுபட்ட இடத்தில் உண்டான ஆவிக்குமிழி மையைத் தள்ளியிருக்கிறது! ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனத்தாரும் தனியே இதே வழியைக் கண்டு, 1984இல் 'திங்க்ஜெட்' என்ற பிரிண்டரை வெளியிட்டார்கள்.

இம்முறையில் ஒவ்வொரு துளைக்குப் பின்னும் நுண்ணிய மின்தடை ஒன்று உண்டு. ஓரிரு மைக்ரோ விநாடி நேரம் மின்னோட்டம் பாய்ந்ததும் அதன் பரப்பு சுமார் 300 டிகிரி செல்சியசுக்குச் சூடாகிறது. "நீர் 100 டிகிரியிலேயே கொதிக்குமே, 300 எதற்கு?" என்று கேட்கத் தோன்றும். நல்ல கேள்வி. அடுப்பில் வைத்த பாத்திரத்தின் கீறல்களிலும் ஒட்டிய காற்றிலும் குமிழிகள் சாவகாசமாகத் தோன்ற நேரம் இருக்கிறது. இங்கே அந்த அவகாசம் இல்லை. மிக மெல்லிய மைப்படலம் ஒன்று கொதிக்க வழியின்றி மிகைச்சூடு அடைந்து, பிறகு ஒரேயடியாக ஆவியாகிறது. அந்தக் குமிழி துளியை நொடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்தில் வெளியே தள்ளுகிறது. மணிக்கு 36 கிலோமீட்டர்! நம் நகரப் பேருந்தின் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குமிழி ஒடுங்கியதும் நுண்புழைக் கவர்ச்சியால் புது மை வந்து அறையை நிரப்புகிறது. இவ்வளவும் நொடிக்குப் பல ஆயிரம் தடவை நடக்கிறது.

இரண்டாம் முறையில் சூடு இல்லை. சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1880இல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஷாக் கியூரியும் கண்டறிந்தார்கள். அதன் மறுதலையும் உண்மை: மின்னழுத்தம் கொடுத்தால் அத்தகைய பொருள் சற்றே வளையும். அந்த வளைவு மை அறையை அமுக்கித் துளியைத் தள்ளுகிறது. எப்சன் நிறுவனப் பிரிண்டர்கள் இந்த வகை.

மையிடம் என்ன எதிர்பார்க்கிறோம்?

குழாயை லேசாகத் திறந்து, நூல்போல விழும் நீரைக் கவனியுங்கள். கொஞ்ச தூரம் நூலாக வந்து, பிறகு துளிகளாக அறுந்துவிடும். அறுப்பது பரப்பு இழுவிசை. அறுபடாமல் இழுத்துப் பிடிப்பது பாகுநிலை. விளக்கெண்ணெயை ஊற்றிப் பாருங்கள், நூல் எளிதில் அறுவதே இல்லை. மைத்துளி சரியாகப் பிறக்க வேண்டுமானால் இந்த இரண்டுக்கும் இடையே ஒரு சமநிலை தேவை.

இதை ஒரே எண்ணால் அளக்கப் பொறியியலார் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். திரவத்தின் அடர்த்தி, பரப்பு இழுவிசை, துளையின் விட்டம் மூன்றையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, பாகுநிலை எண்ணால் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 1க்கும் 10க்கும் இடையில் இருந்தால் துளி ஒழுங்காக வரும். பிரிண்டர் மைக்குப் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 0.03 நியூட்டன், பாகுநிலை நீரைப்போல் மூன்று மடங்கு என்க. எல்லாவற்றையும் எஸ்.ஐ. அலகில் போட்டுக் கணக்கிட்டால் விடை 8. தூய நீருக்கு இதே கணக்கு 38 தரும். அதாவது துளி பறக்கும், ஆனால் பின்னால் குட்டித் துளிகளையும் இழுத்துக்கொண்டு வரும். எழுத்தின் ஓரத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் விழும். விளக்கெண்ணெய்க்கோ விடை 0.03 அளவில் நின்றுவிடும், துளியே வராது.

இப்போது மலிவு மையில் யாரேனும் தண்ணீரை ஊற்றிப் பெருக்கினால் என்ன ஆகும் என்பது தெரிகிறதல்லவா? நிறம் வெளுப்பது மட்டுமல்ல, பரப்பு இழுவிசை கூடுகிறது, பாகுநிலை குறைகிறது, துளி சிதறுகிறது. ஊற்றியது குழாய்த் தண்ணீராக இருந்தால் தொல்லை இன்னும் அதிகம். நம் ஊர்க் கடினநீரிலுள்ள கால்சிய, மக்னீசிய உப்புகள் 20 மைக்ரான் துளையில் உறைந்தால் பிறகு எதைக்கொண்டு குடைவது?

நல்ல மையில் தூய நீரோடு கிளிசரால் போன்ற, ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருள்களும், பரப்பு இழுவிசையைக் குறைக்கும் சோப்பு வகைப் பொருளும், பூஞ்சணம் பிடிக்காதிருக்க மருந்தும் அளவாகக் கலந்திருக்கும். இந்த அளவுகளை ஒரே ஒரு நிறுவனம்தான் அறியும் என்பதில்லை. வேதியியல் தெரிந்த எவரும், கருவிகளும் பொறுமையும் இருந்தால், ஒரு குறிப்பிட்ட அச்சுத்தலைக்குப் பொருந்தும் மையைத் தயாரிக்கலாம், தயாரிக்கிறார்கள். அதே சமயம், "எல்லா பிரிண்டருக்கும் ஏற்றது" என்று எழுதிய புட்டியைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வருகிறது. குமிழி முறைக்கும் வளைவு முறைக்கும் தேவையான குணங்கள் வேறு வேறாயிற்றே!

அடிப்பிடித்த மை

குமிழி முறைத் தலைகளுக்கே உரிய நோய் ஒன்று உண்டு. 300 டிகிரி சூட்டில் மையிலுள்ள சில பொருள்கள் சிதைந்து மின்தடைமேல் கரிப்படலமாகப் படிகின்றன. ஆங்கிலத்தில் இதற்கு 'கோகேஷன்' என்று பெயர். 'கோகே' என்றால் ஜப்பானிய மொழியில் கருகல். பானையில் அடிப்பிடித்த சோற்றுக்கும் அவர்கள் வழங்கும் சொல் அதுவே. அடிப்பிடித்த பாத்திரத்தில் பால் காய்ச்சினால் சூடு சீராக ஏறாது என்பதை அம்மாவிடம் கேளுங்கள். இங்கும் அப்படியே: குமிழி மெலிகிறது, துளி சிறுக்கிறது, எழுத்து வெளிறுகிறது. பொருத்தமற்ற மை இதை விரைவுபடுத்தும்.

இன்னொன்று. குமிழி முறைத் தலையைக் குளிர்விப்பதும் மைதான். மை முற்றும் வறண்ட பிறகும் அச்சிட்டுக்கொண்டே இருந்தால் மின்தடை வெறும் காற்றில் சூடாகிப் பழுதாகிவிடும். "ரீபில் செய்தேன், கார்ட்ரிட்ஜ் வேலை செய்யவில்லை" என்று பலர் கடைக்காரரைத் திட்டுகிறார்கள். ஊசி ஏற்றுவதற்கு முன்பே அந்தத் தலை வெந்துபோயிருக்கலாம். ரீபில் செய்வதாக இருந்தால் எழுத்து மங்கத் தொடங்கியதுமே செய்துவிட வேண்டும்.

மை ஏன் ஒழுகுவதில்லை?

அடியில் இத்தனை துளைகள் இருந்தும் மை ஏன் சொட்டுவதில்லை? 10 மைக்ரான் ஆரமுள்ள துளையில் மையின் வளைந்த பரப்பு தாங்கக்கூடிய அழுத்தம், பரப்பு இழுவிசையின் இருமடங்கை ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும்: 6000 பாஸ்கல். சுமார் 60 சென்டிமீட்டர் நீர்த்தம்பத்துக்குச் சமம்! கார்ட்ரிட்ஜின் உயரமோ நான்கைந்து சென்டிமீட்டர்தான். கவலையில்லை என்று தோன்றும். ஆனால் தலை விரைந்து ஓடித் திரும்பும்போது மை குலுங்கும். துளையைச் சுற்றிய தகடு ஒருமுறை நனைந்துவிட்டால் துளியின் ஆரம் மைக்ரானிலிருந்து மில்லிமீட்டருக்குத் தாவிவிடும். 1 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கணக்கிட்டால் தாங்கும் அழுத்தம் வெறும் 60 பாஸ்கல். பிறகு சொட்ட வேண்டியதுதான்.

அதனால்தான் பல கார்ட்ரிட்ஜுகளில் பஞ்சு வைத்திருக்கிறார்கள். பஞ்சின் நுண்புழைகள், மண்ணெண்ணெய் அடுப்புத் திரியைப்போல, மையை உள்ளே இழுத்துப் பிடிக்கின்றன. துளையருகே மையின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடச் சற்றே குறைந்து நிற்கிறது. ஊசியால் மை ஏற்றும்போது 'இன்னும் கொஞ்சம்' என்று ஆசைப்பட்டுப் பஞ்சு ததும்பும் வரை ஏற்றினால் இந்த இழுப்பு போய்விடும். பை நனைந்து, மேசை நனைந்து, ரிக்கார்டும் நனையும். மேலே உள்ள சிறு காற்றுத் துளையை ஒட்டுத்தாளால் அடைத்துவிட்டால் நேர்மாறான தொல்லை: உள்ளே வெற்றிடம் கூடி, இரண்டு பக்கம் அச்சானதும் மை நின்றுவிடும். இவ்விரு குறைகளும் மையின் தரத்தைப் பற்றியவை அல்ல, கைப்பழக்கத்தைப் பற்றியவை.

சாயமா, நிறமியா?

மைகளில் இரு சாதி உண்டு. சாய மையில் நிறப்பொருள் சர்க்கரைபோலக் கரைந்திருக்கிறது. நிறமி மையில் நுண்பொடி மிதக்கிறது. கறுப்பு நிறமி பெரும்பாலும் கரித்தூள். துகளின் குறுக்களவு 0.1 மைக்ரான் அளவு.

பொடி ஏன் அடியில் தங்குவதில்லை? ஸ்டோக்ஸ் விதியைக் கையில் எடுங்கள். கரியின் அடர்த்தி நீரைவிடச் சுமார் 1.8 மடங்கு. 0.05 மைக்ரான் ஆரத்துக்கு முற்றுத் திசைவேகத்தைக் கணக்கிட்டால், ஒரு நாளில் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு தூரமே துகள் இறங்கும். அதையும் பிரௌனியன் இயக்கம் கலைத்துவிடும். ஆனால் விதியில் ஆரம் இருமடியாக வருகிறது என்பதை மறவாதீர்கள். மட்டமாக அரைத்ததாலோ, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டியதாலோ ஆரம் பத்து மடங்கானால் வேகம் நூறு மடங்காகும். நாளுக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர்! கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வந்தால் மேலே வெளிறிய நீர், கீழே சேறு. சாய மைக்கென அமைந்த கார்ட்ரிட்ஜில் நிறமி மையை ஏற்றுவதும், இரண்டையும் கலப்பதும் அடைப்புக்கு வழி. ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. "இது சாய மையா, நிறமி மையா? என் மாடலுக்கு எது?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

இரண்டாவது கேள்வியை உங்கள் பிரிண்டரிடமே கேட்க வேண்டும்: அச்சுத்தலை எங்கே இருக்கிறது? கார்ட்ரிட்ஜின் அடியில் துளைத்தகடும் செப்பு நிறத் தொடர்புப் புள்ளிகளும் தெரிந்தால், பெரும்பாலும் தலை கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது. மை கெட்டதாக வாய்த்தாலும் போவது அந்தக் கார்ட்ரிட்ஜ் மட்டும். புதிது போட்டால் புதுத்தலையும் வந்துவிடும். அத்தகைய பிரிண்டரில், ரிக்கார்டும் வினாத்தாளும் அச்சிட, நல்ல வெளி மையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. தலை பிரிண்டரிலேயே நிலையாக இருந்தால் கதை வேறு. அங்கே அடைப்பு ஏற்பட்டால் தலையை மாற்றும் செலவு பிரிண்டரின் விலையையே நெருங்கலாம். இந்த வகையில் அப்பாவின் அச்சத்துக்குக் காரணம் உண்டு.

சிப் என்னும் காவலாளி

இனி வணிகத்துக்கு வருவோம். பல கார்ட்ரிட்ஜுகளில் சிறு மின்னணுச் சிப் ஒன்று ஒட்டியிருக்கும். மை எவ்வளவு செலவாயிற்று என்று கணக்கு வைப்பது அதன் ஒரு வேலை; பெரும்பாலும் இது துளிகளை எண்ணிச் செய்யும் மதிப்பீடே. ஊசியால் மை நிரப்பிய பின்பும் 'மை இல்லை' என்று பிரிண்டர் முரண்டு பிடிப்பது இதனால்தான். மற்றொரு வேலை, இது யார் செய்த கார்ட்ரிட்ஜ் என்று பிரிண்டருக்குச் சொல்வது. மையின் பாகுநிலையையோ துகளளவையோ இந்தச் சிப் அளப்பதில்லை.

2016 செப்டம்பர் 13 அன்று உலகின் பல பகுதிகளில் ஹியூலெட்-பேக்கார்ட் பிரிண்டர்கள் சில, முதல் நாள் வரை ஏற்றுக்கொண்டிருந்த வெளி நிறுவனக் கார்ட்ரிட்ஜுகளைத் திடீரென மறுத்தன. மை மாறவில்லை, பிரிண்டருக்குள் இருந்த கட்டளைநிரல்தான் காரணம். கண்டனம் எழவே, நிறுவனம் அம்மாத இறுதியில் வருத்தம் தெரிவித்து, அந்தத் தடையை நீக்கும் மாற்று நிரலைத் தர முன்வந்தது. இத்தகைய தடைகளை வாங்குவோருக்குத் தெளிவாக எடுத்துச் சொல்லவில்லை என்று இத்தாலியின் போட்டி ஆணையம் 2020 டிசம்பரில் அந்நிறுவனத்துக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது. நிறுவனங்கள் தம் பக்கத்திலும் ஒரு வாதம் வைக்கின்றன: பிரிண்டரை மலிவாக விற்று மையில் லாபம் பார்ப்பதே எங்கள் முறை, வெளி மை தரத்தைக் கெடுக்கிறது என்கிறார்கள். முதல் பாதி உண்மை. வணிகத்தில் அது குற்றமும் அல்ல. இரண்டாம் பாதியைச் சிப் எப்படி நிரூபிக்கும் என்பதுதான் விளங்கவில்லை.

இதில் வேடிக்கை ஒன்று நடந்தது. உலகெங்கும் சிப்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 2022 தொடக்கத்தில் கேனன் நிறுவனம் தன் அலுவலக நகலெடுப்பு இயந்திரங்களுக்கான டோனர் கூடுகளைச் சிப் இல்லாமலே அனுப்ப நேர்ந்தது. 'அசல் அல்ல' என்ற பொருளில் இயந்திரம் எச்சரித்தால் அதை எப்படிக் கடந்து செல்வது என்று ஜெர்மனியில் தன் வாடிக்கையாளர்களுக்கு அந்நிறுவனமே சொல்லிக்கொடுத்தது! அச்சின் தரம் அதனால் குறையாது என்றும் கூறியது.

சட்டமும் இந்த வழக்கில் பேசியிருக்கிறது. லேசர் பிரிண்டருக்கான டோனர் கூட்டை ஒருமுறை விற்றுவிட்டால், அதை மீண்டும் நிரப்பி விற்பதைக் காப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம் லெக்ஸ்மார்க் வழக்கில் தீர்ப்பளித்தது. அது அந்நாட்டுச் சட்டம். நீங்கள் வாங்கும் பிரிண்டரின் உத்தரவாத அட்டையில் வெளி மை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று உத்தரவாதக் காலம் முடியும்வரை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிடுவது நல்லது.

மலிவு மைக்கு இருந்த தேவை நிறுவனங்களின் போக்கையும் மாற்றியிருக்கிறது. இந்தோனேசியாவில் பிரிண்டருக்கு வெளியே மைப்புட்டிகளை வைத்துக் குழாய் வழியே மை செலுத்தும் ஏற்பாட்டை வெளிக்கடைக்காரர்கள் செய்து கொடுத்துவந்தார்கள். 2010இல் எப்சன் நிறுவனமே, புட்டியிலிருந்து ஊற்றி நிரப்பும் மைத்தொட்டி வைத்த பிரிண்டரை முதலில் அந்நாட்டில்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் ஊர்க் கடைகளில் இன்று பரவலாகக் காணும் தொட்டிப் பிரிண்டர்கள் அவ்வழி வந்தவை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இவற்றில் மை மலிவு, ஆனால் அச்சுத்தலை பொதுவாகப் பிரிண்டரோடு சேர்ந்தது.

நீங்களே சோதிக்க

அச்சிட்ட தாளின்மேல் ஒரு சொட்டு நீர் விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். எழுத்து கலங்கி ஓடினால் சாய மையாக இருக்க வேண்டும். அசையாமல் நின்றால் பெரும்பாலும் நிறமி மை. வெள்ளைச் சுண்ணக்கட்டி ஒன்றில் அடியிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் மைப்புள்ளி வைத்து, கட்டியைச் சிறிதளவு நீரில் நிறுத்தினாலும் தெரியும். நீர் ஏறும்போது சாயம் கூடவே ஏறும், நிறமி வைத்த இடத்திலேயே இருக்கும். புள்ளி நீரில் மூழ்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மைகளின் பரப்பு இழுவிசையை ஒப்பிட மருந்துக்கடைச் சொட்டுக்குழல் போதும். ஒரே குழலால் ஒரு மில்லிலிட்டர் நீரைச் சொட்டவிட்டு எண்ணுங்கள். பிறகு மையை எண்ணுங்கள். பரப்பு இழுவிசை குறைந்த திரவம் சிறு சிறு துளிகளாக விழும், ஆதலால் எண்ணிக்கை கூடும். வாங்கிய மையின் எண்ணிக்கை நீருக்கு மிக நெருங்கி வந்தால், அதைப் பிரிண்டரில் ஊற்றுமுன் யோசிக்க வேண்டும்.

மை நிலைக்குமா என்பது தனிக் கேள்வி. ரிக்கார்டுக்கு இது பெரிதல்ல. குடும்பப் புகைப்படத்துக்குப் பெரிது. சாயத்தின் மூலக்கூறுகள் தனித்தனியே ஒளிக்கும் காற்றிலுள்ள ஓசோனுக்கும் இலக்காகின்றன. நிறமித் துகளிலோ வெளிப்பரப்பில் இருப்பவை மட்டும் தாக்கப்படுகின்றன, உள்ளிருப்பவை தப்புகின்றன. நிறுவன மை, வெளி மை இரண்டிலும் ஒரே படத்தை ஒரே வகைத் தாளில் அச்சிட்டு, ஒவ்வொன்றிலும் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, வெயில் விழும் சன்னல் கண்ணாடியில் ஒட்டிவையுங்கள். ஒட்டிய தேதியைப் பின்புறம் குறித்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்து மூடியைப் பிரித்துப் பாருங்கள்.